அப்பா சொல்லாத சாட்சி

என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் அந்தக் காலத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இதை நம்பாமலேயே செத்துப்போனார்கள். மிச்சமிருப்பவர்கள் கையில் இது கிடைத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். லீவு முடிந்து வரும் பிள்ளைகளைக் கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வருவார். மற்ற நாட்களில் போளூர், கூக்கால் பக்கம் போய் ஹாஸ்டலுக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் வாங்கி வருவார். நான் ஒரே பெண். எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா டைபாய்டில் போய்விட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். சமையல் என்னுடையது, விறகு வெட்டுவதும் அடுப்பு மூட்டுவதும் அவருடையது.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது. கறுத்த முகம்தான். அதில் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு ஏறி, விளக்கிவைத்த செப்புக் குடம் மாதிரி ஆயிற்று. கண் எந்நேரமும் சிவந்திருந்தது. முதலில் எல்லோரும் பாராட்டத்தான் செய்தார்கள். "மலைக்காத்து ஒங்களுக்கு நல்லா ஒத்துக்கிருச்சுங்க, ஆப்பிள் கணக்கா இருக்கீக" என்பார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். அவருக்குத் தலை கனத்துக்கொண்டே இருந்தது, காதில் வண்டு இரைந்துகொண்டே இருந்தது என்று அப்புறம்தான் என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் கோயில் ஆராதனைக்காகத் தலை முழுகுவது எங்கள் வழக்கம். அந்தக் குளிரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்தால்தான் குளிக்க முடியும். அப்பா குளித்துவிட்டு வந்து சுவரில் முதுகைத் தேய்ப்பார். உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது போல் அரிக்குமாம். ஒரு கட்டத்தில் வெந்நீரே வேண்டாம் என்று பச்சைத் தண்ணீருக்குப் போனார். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே எனக்கு விரல் மரத்துவிடும்.

அப்புறம் உள்ளங்கால் எரிச்சல். ஜனவரியில் விடியும்போது பள்ளிக்கூட மைதானம் உப்புக் கொட்டியது போல வெள்ளையாகக் கிடக்கும். ஊரே ஸ்வெட்டரும் மப்ளருமாகப் போர்த்திக்கொண்டு போகிற நேரத்தில் என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த உறைபனிப் புல்லில் போய் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பார். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த நேரம் அது. எந்தப் பள்ளத்தில் எவன் காய்ச்சுகிறான் என்பது ஊருக்கே தெரியும். அதிலும் சிவந்த கண்ணோடு திரிகிற ஒரு டிரைவர் என்றால் கேட்கவா வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஞாயிறுதான் கொடைக்கானலில் சந்தை. ஆராதனை முடிந்து கோயில் கூட்டம் அப்படியே சந்தைக்குப் போகும். நானும் அப்பாவும் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தோம். அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார், நிமிர்ந்தார், ஆடினார், அப்படியே குவியலின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கோஸ் நாலா பக்கமும் உருண்டது. நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கும்போது, சபைக் கமிட்டிச் செயலாளரான துணிக்கடைக்காரர் எங்களுக்கு இரண்டடி தூரத்தில் நின்றார். உதவிக்கு வரவில்லை. வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார். "கோயில விட்டு வந்த கையோடயா?" என்றார் பக்கத்திலிருந்தவரிடம், என் காதில் விழும்படியாகவே.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் வேன் சாவியை வாங்கிக்கொண்டு அப்பாவை கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தலை சுற்றுகிறவர் கையில் இருபது பிள்ளைகளைக் கொடுத்து மலைப்பாதையில் அனுப்பக் கூடாது. எனக்குப் பொறுக்காதது அடுத்து நடந்ததுதான். கமிட்டி கூடியது. போதகர் வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, மனந்திரும்பும் வரைக்கும் அப்பா திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதாவது, மாதத்தின் முதல் ஞாயிறன்று வரிசை வரிசையாக எல்லோரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது, அப்பா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய முழங்காலை இடித்துக்கொண்டு மற்றவர்கள் போவார்கள், வருவார்கள். குடிகாரனென்று பலகையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

அப்பாவை நான்தான் மலையடிவாரத்திலிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதல் பஸ்ஸில் கிளம்பி, பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தும்போது அவர் முகத்தைக் கழுவிவிட்டு, கீழே இறங்கி. அங்கே இருந்த லேடி டாக்டர் அப்பாவைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு அதற்குள்ளிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். அப்பா வலியில் என் கையை நசுக்கிவிட்டார்.

"எலும்புக்குள்ளதான் ரத்தம் உண்டாகுது. ஒங்கப்பாவுக்கு அது நிறுத்தாம உண்டாகிக்கிட்டே இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தம் கெட்டியாப் போச்சு. மூளையிலயோ கால்லயோ எங்கயாவது அடைச்சுக்கிட்டா ஆபத்து. அடிக்கடி எடுத்துவிட்டுட்டே இருக்கணும். ஆயுசு முழுக்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ரத்தம் சாஸ்தியாப் போறதும் ஒரு சீக்குங்களா?"

அன்றைக்கே முதல் பாட்டில். கண்ணாடிப் பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, ரப்பர் குழாய் வழியாக இறக்கினார்கள். நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது, அவசரமில்லாமல் இறங்கியது. நர்ஸம்மா மலையாளம் கலந்த தமிழில் அப்பாவை விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னார். நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வராந்தாவில் பிரசவமான மகளுக்கு ரத்தம் வேண்டுமென்று ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா தலையைத் தூக்கி, "இத அந்தப் பிள்ளைக்குக் குடுங்களேன்" என்றார். இது அடுத்தவருக்கு ஏற்றக் கூடாத ரத்தம் என்றார் நர்ஸம்மா. அப்பாவின் முகம் அன்றைக்கு அந்த ஒரு நேரத்தில்தான் வாடியது.

ஆனால் அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தவர், "தலைக்குள்ள ஒரு ஜன்னலத் தெறந்துவிட்டாப்பல இருக்கு பாப்பா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒரு தரம், கொஞ்சம் அடங்கியதும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், அதுதான் எங்கள் வாழ்க்கை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்பேன். ரத்தம் ஊறும் என்பதால் ஈரல், பீட்ரூட், முருங்கைக்கீரை எதையும் நான் வாங்குவதில்லை. ரத்தம் எடுத்து வந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து பரிதாபப்பட்டு ஈரல் சூப் வரும். வாங்கி நான் குடித்துவிடுவேன். கெண்டைக்காலில் வீக்கம் இருக்கிறதா, விரல் நுனி நிறம் மாறியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பேன். "போலீசு சோதனை முடிஞ்சுதா?" என்பார் அப்பா.

டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன். அப்பாவுக்குத் தெரியாமல் அதைக் கொண்டுபோய்ச் செயலாளரின் துணிக்கடையில் கொடுத்தேன். ஆங்கிலக் கடிதம். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ரத்தம் அதிகமா? எனக்குக் கம்மின்னு டாக்டர் டானிக் எழுதிக் குடுக்காரு. ஒங்கப்பாவுக்கு அதிகமாம்மா?"

"ஆமாங்க."

"மண்ணீரல் வீங்கியிருக்குன்னு போட்ருக்கே. வயித்துல வீக்கம் எதனால வரும்னு எங்களுக்குத் தெரியாதா?" கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "குடிச்சுக் கெட்டுப்போன ரத்தத்த எடுத்துவிடுறாங்க. நல்லதுதான். வெரசா சரியாகட்டும்."

கல்லாவில் இருந்த அளவுகோலை எடுத்து அவர் தலையில் ஒன்று போடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. இன்று வரை அதில் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார். "ஒனக்கு எதுக்குப் பாப்பா இந்தச் சோலி?" என்றார். அவர் சிரித்தது எனக்கு அதைவிட ஆத்திரமாக இருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இத்தனை பாட்டில் எடுத்ததில் அப்பாவின் முகச் சிவப்பு இறங்கியது. கண் வெளுத்தது. நடையில் ஆட்டம் நின்றது. சீக்கு அப்படியேதான் இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். சபை என்ன முடிவுக்கு வந்தது என்று சொல்ல வேண்டுமா? அப்பா குடியை விட்டுவிட்டார்!

கோயில் வாசலில் ஆட்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாதர் சங்கத்து அக்காமார் என் கன்னத்தைத் தடவி, "ஒன் ஜெபந்தான் பாப்பா" என்றார்கள். கடைசியில் போதகரே வீட்டுக்கு வந்தார். அவர் நல்ல மனிதர். அம்மா செத்தபோது மூன்று நாள் எங்களோடு இருந்தவர். அதனால்தான் அவரிடம் கோபித்துக்கொள்வதும் கஷ்டமாக இருந்தது.

"அறுப்பின் பண்டிகை அன்னைக்கு எந்திரிச்சு ஒரு சாட்சி சொல்லிருங்க" என்றார். "ஆண்டவர் என்னைய அந்தப் பழக்கத்துலருந்து விடுதலையாக்குனாருன்னு ரெண்டு வார்த்தை. அன்னைக்கே எல்லாரோடயும் வந்து திருவிருந்து எடுத்துக்கலாம். நானே குடுக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு லெட்டர் கேட்டிருந்தீங்கல்ல. கமிட்டியும் சந்தோஷமாக் கையெழுத்துப் போடும்."

மிஷன் டிரெயினிங் பள்ளியில் சேர சபையின் கடிதம் வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்கு அந்த ஆசைதான். அவர் போனதும் நான் சொன்னேன், எழுதக் கூசுகிறது, ஆனால் நான்தான் சொன்னேன்:

"சும்மா சொல்லிருங்கப்பா. ரெண்டு வார்த்தைதான?"

"என்னன்னு சொல்ல?"

"விட்டுட்டேன்னு."

"எதை?"

"அப்பா, எனக்கு அந்த லெட்டர் வேணும்."

அவர் கேட்டில் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னது அதுவரை கிடையாது. அதனால் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். "சிஸ்டரம்மா, இம்புட்டுப் பாட்டில் எடுத்திருக்கீங்களே, ஒண்ணுலயாவது சாராய வாடை அடிச்சுதா?" நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனிடம் போய் எதைச் சொல்லச் சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னதை வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்று வத்தலகுண்டிலிருந்து பெருமாள்மலை வரைக்கும் வாயெடுத்தேன். வரவில்லை. எனக்குக் கொழுப்பும் ஜாஸ்தி, ஆசையும் ஜாஸ்தி.

பண்டிகை ஞாயிறு. பீடத்துக்கு முன்னால் முட்டைக்கோசும் பூண்டும் பேரிக்காயும் குவிந்து கிடந்தன. எங்கள் வீட்டுக் கொடியில் காய்த்த சௌசௌ ஒரு கூடை அப்பாவே சுமந்து வந்து வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் போதகர் எங்கள் பெஞ்சைப் பார்த்து, "நம்ம சகோதரர் ஒருத்தர் சாட்சி சொல்லுவாரு" என்றார். முன்வரிசையில் செயலாளர் சௌகரியமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

அப்பா எழுந்தார். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடப்போகிறார், எனக்காகச் சொல்லிவிடப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம்மக எங்கிட்ட ஒண்ணு கேட்டா" என்றார். "தாயில்லாப் பிள்ளை. இன்னைய வரைக்கும் அவ கேட்டத நான் இல்லேன்னதில்ல. இன்னைக்குத்தான் மொத மொதல்ல இல்லேங்கேன். நான் குடிச்சதில்லைங்க. குடிக்காதவன் குடிய விட்டுட்டேன்னு ஆண்டவர் சந்நிதியில எப்படிங்க சொல்லுவான்? எனக்கு ரத்தத்துல ஒரு சீக்கு. அது போகாது. அதோடயேதான் இருக்கேன், இருந்துக்கிருவேன். வேற சாட்சி எங்கிட்ட இல்லைங்க."

உட்கார்ந்துவிட்டார். யாரோ அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்கள்.

அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை. டைப்ரைட்டிங் படித்து, ஒரு ஆபீஸில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனேன். நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பா அந்த ஞாயிறுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தார், எண்பதுகளின் கடைசி வரை. எத்தனை பாட்டில் என்று நாங்கள் எண்ணவில்லை. இடையில் ஒரு கால் விரல் கறுத்து எடுக்க வேண்டி வந்தது. ஒரு முறை பேச்சுக் குழறி இரண்டு நாளில் சரியானது. ஆபீஸுக்கு லீவு போட்டு, அதே பஸ்ஸில், அதே கட்டிலுக்கு, கடைசி வரை நான்தான் கூட்டிப்போனேன். யாராவது என்னிடம் வந்து "பாவம், ஒனக்குப் பெரிய பாரம்" என்றால் எனக்குச் சுர்ரென்று வரும். பாரமாக இருந்தது அப்பாவின் ரத்தமல்ல. நல்லவர்கள் அவரைப் பார்த்த பார்வைதான்.

இனி அந்தப் பண்டிகையின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

திருவிருந்துக்கு எங்கள் வரிசையின் முறை வந்தது. திருவிருந்து வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தல் எனக்கு அதற்கு முந்தின வருஷம்தான் ஆகியிருந்தது. நான் எழுந்தேன். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பாவும் எழுந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சௌசௌக் கூடையைத் தாண்டி வந்து, என் வலது பக்கத்தில், மரக்கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டு, இடது கைமேல் வலது கையை விரித்து வைத்தார். ஊசி குத்தின இடம் முழங்கை மடிப்பில் நீலமாகத் தெரிந்தது.

போதகர் தட்டோடு வந்தார். எனக்கு இடப்பக்கம் இருந்த வேறொரு பெண்ணின் கையில் அப்பத்தை வைத்தார். என் கையில் வைத்தார். அப்பாவுக்கு முன்னால் நின்றார். அவர் விரல்களில் அப்பம் இருந்தது. எனக்குப் பின்னாலிருந்து செயலாளரின் தொண்டைச் செருமல் கேட்டது. போதகர் அப்பாவைப் பார்க்காமல் அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டார்.

அப்பா கையை மடக்கவில்லை. வெறும் கை அப்படியே விரிந்திருந்தது. நான் என் அப்பத்தை வாயில் போடாமல் வைத்திருந்தேன். அதை இரண்டாக உடைத்தேன். அந்த அமைதியில் அது உடைகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு பாதியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

போதகர் திரும்பி வந்து பாத்திரத்தை என் வாயருகே நீட்டினார். நான் உதட்டைத் திறக்கவில்லை. "மொதல்ல அப்பாவுக்குக் குடுங்கய்யா" என்றேன். ரசம் பாத்திரத்துக்குள் அலைந்ததைப் பார்த்தேன். அவர் கொடுக்கவில்லை. நான் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன், சந்தையில் தூக்கின மாதிரியே. நடுவழியாக, எல்லோரும் பார்க்க, மெதுவாகத்தான் நடந்து வந்தோம். அவர் ஆடவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் போய் நின்றார்.

"லெட்டர் போச்சே பாப்பா" என்றார்.

"போகுது. அடுத்த மாசம் பத்தாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஞாபகம் இருக்குல்ல? வெள்ளனே எந்திரிக்கணும்."

"எந்திரிச்சிருவோம்" என்றார் அப்பா.